ஸ்டேஷன் வாசலில் பிரிவு 22 என்ன செய்யும்?

கேள்வி: தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் இருக்கிறோம். குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தம்பிக்கு 24 வயது, செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. ஒன்பது நாட்களுக்கு முன் ஒரு திருட்டு வழக்கு சம்பந்தமாக, "சும்மா விசாரணைதான், அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவோம்" என்று சொல்லிக் கடையிலிருந்து கூட்டிப்போனார்கள். இரண்டு இரவு கழித்துத்தான் விட்டார்கள். நானும் அம்மாவும் ஸ்டேஷனில் போய்க் கேட்டபோது அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். தம்பிக்குப் பாதத்திலும் தொடையிலும் லத்தி அடி. வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவன் போன் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 20, 21, 22, 32 எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த வாசலில் நின்றபோது வாயே திறக்கவில்லை. "விட்டதே போதும்" என்கிறார் அம்மா. புகார் கொடுத்தால் பொய் கேஸ் போடுவார்களா? மனித உரிமை அமைப்பு என்று ஒருவர் வந்து ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார், நம்பலாமா? இந்தப் பிரிவுகளால் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டம் பேசுவதற்கு முன் மருத்துவமனை. இதை உங்களுக்குத் தனியாகவும் எழுதி அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். தம்பியை இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தனியார் கிளினிக்கில் ஊசி போட்டால் வலி குறையும், ஆனால் பதிவு இருக்காது. அரசு மருத்துவமனையில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் உண்டு. அடிபட்டு வருகிறவரிடம் எப்போது, எங்கே, யாரால் என்று கேட்டு மருத்துவர் அதில் எழுதுவார். அங்கேதான் பலரும் பயந்துபோய், பைக்கில் இருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் எந்தக் கோர்ட்டில் என்ன சொன்னாலும் அந்த ஒரு வரி குறுக்கே நிற்கும். தம்பி நடந்ததை நடந்தபடி சொல்லட்டும்: இன்ன தேதி, இன்ன ஸ்டேஷன், லத்தியால் அடித்தார்கள். ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்குங்கள். ஒன்பது நாளில் கன்றிப்போன இடங்கள் மங்கியிருக்கும். பாத எலும்பில் விரிசல் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியலாம், அதையும் கேளுங்கள். காயங்களைப் போனில் படம் எடுத்திருந்தால் மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் எடுத்த நேரம் போன்ற விவரங்கள் அதோடு போகாது.

சரி, இனி உங்கள் கேள்வி.

அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். நாளை மேலதிகாரி கேட்டால் வேறு பதில் வரும்: நாங்கள் கைது செய்யவே இல்லை, அவராகத்தான் விசாரணைக்கு வந்தார். கைதே இல்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்ற பிரிவு 22-ன் கணக்கும் தொடங்கவில்லை என்பது அவர்கள் வாதம். பழைய வாதம் இது. 1980-இல் நிரஞ்சன் சிங் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதற்குப் பதில் எழுதிவிட்டார். சட்டம் ஒரு மனிதனைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டால் அதுதான் காவல். விசாரணைக்கு வைத்திருந்தோம், முறைப்படி கைது செய்யவில்லை என்பதெல்லாம் சட்டத்தை நேராகச் சந்திக்காமல் நழுவுவது என்பது அவர் சொன்னதன் சாரம். உங்கள் தம்பியால் எழுந்து வெளியே போக முடிந்திருக்குமா? முடியாது என்றால் அவர் காவலில்தான் இருந்தார். இரண்டு இரவு என்பது 24 மணி நேரத்தைத் தாண்டிய சட்டவிரோதக் காவல்.

நீங்கள் மனப்பாடம் செய்த பிரிவுகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். ஸ்டேஷன் சுவர்களில் பதினொரு கட்டளைகள் எழுதிய ஒரு போர்டைப் பார்த்திருப்பீர்கள். கைது செய்யும் போலீசார் பெயரும் பதவியும் தெரியும்படி பேட்ஜ் அணிய வேண்டும், கைதுக் குறிப்பாணை எழுதி அதில் குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும் என்று போகும் அந்தப் பட்டியல். அதை அரசு தானாக விரும்பி எழுதி மாட்டவில்லை. 1986 ஆகஸ்ட் 26-ஆம் தேதி, மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு, லாக்கப் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளை இணைத்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக, அதாவது அடிப்படை உரிமையைக் காக்கக் கேட்கும் மனுவாக, எடுத்துக்கொண்டார்கள். 1996 டிசம்பர் 18-இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பதினொரு கட்டளைகளும், அவற்றை ஸ்டேஷன்களில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்ற உத்தரவும் அதில்தான் இருந்தன. அவற்றில் பல 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் புகுந்தன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 36, 37, 38 ஆகிய பிரிவுகளாக அவை இருக்கின்றன.

கடிதத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் பத்து ஆண்டு, தீர்ப்பு சட்டமாக மாறுவதற்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். அந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை, அதற்குள் எத்தனையோ பேர் அடிபட்டுச் செத்தார்கள். ஆனால் அதில் மூன்று தரப்பும் இருப்பதைப் பாருங்கள். சாசனம் 21 (உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை), 22 (கைதானவரின் உரிமை), 32 (நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை) என்ற வாசலைத் திறந்து வைத்திருந்தது. வெளியில் இருந்த ஒருவர் எழுதினார். நீதிமன்றம் அதைக் கையில் எடுத்தது. எழுதியவர் இல்லாமல் அந்தத் தீர்ப்பு இல்லை.

இன்னொரு கடிதம் உங்களுக்கு நெருக்கமானது. ஒடிசாவில் நீலாபதி பெஹரா என்ற தாய். 1987 டிசம்பர் 1-ஆம் தேதி காலையில் திருட்டு விசாரணை என்று சொல்லி 22 வயது மகனைப் போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். இரவு அவர் மகனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு இரவில் தப்பி ஓடி, ரயிலில் அடிபட்டுச் செத்தான் என்று போலீஸ் சொன்னது. அந்தத் தாய் 1988 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதுவும் பிரிவு 32-ன் கீழ் மனுவானது. மாவட்ட நீதிபதியை அனுப்பி விசாரிக்கச் சொன்னார்கள். மகன் காவலில்தான் இறந்தான் என்று முடிவானது. 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு. இன்றைக்கு அந்தத் தொகை சிறியதாகத் தெரியும். ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு கதவை அடைத்தது: அடிப்படை உரிமை மீறப்பட்ட வழக்கில், அரசு தன் இறையாண்மையைக் காட்டி இழப்பீட்டிலிருந்து தப்ப முடியாது. இன்று தமிழ்நாட்டில் லாக்கப் சித்திரவதைக்காக ஒருவர் இழப்பீடு கேட்டு ரிட் மனு போடும்போது அந்தத் தாயின் வழக்கைத்தான் மேற்கோள் காட்டுகிறோம்.

நீதிமன்றம் எப்போதும் இப்படி நின்றது என்று நினைத்துவிடாதீர்கள். 1976 ஏப்ரல் 28-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஒன்பது உயர் நீதிமன்றங்கள் மக்கள் பக்கம் நின்று எழுதிய தீர்ப்புகளை உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தள்ளிவிட்டது. தடுப்புக் காவலில் அடைக்கப்பட்டவர், தன்னை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்றது. அதை ஏற்க மறுத்த அந்த ஒருவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. மறு ஆண்டு பணிமூப்பில் அவருக்கு இளையவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார், கன்னா பதவியை விட்டு விலகினார். அதே காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்ட கைதிகள் எப்படி அடிக்கப்பட்டார்கள் என்பதை நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் பிறகு விசாரித்தது. சாசனத்தின் அதே பிரிவு 21 அப்போதும் புத்தகத்தில் இருந்தது. 1978-இல் 44-ஆவது திருத்தம் வந்த பிறகுதான், நெருக்கடி நிலையிலும் 20-ஐயும் 21-ஐயும் நிறுத்திவைக்க முடியாது என்று ஆனது. அந்த 1976 தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொல்ல 2017 வரை ஆயிற்று. பிரிவுகளை நம்பாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் அம்மாவின் பயத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது, அதை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுபடி உங்கள் தம்பிக்கு வருவோம். அந்த இரண்டு இரவுகளில் என்ன செய்திருக்கலாம் என்பதை இப்போது சொல்வது உங்களைக் குற்றம் சொல்ல அல்ல. உங்கள் தெருவிலேயே நாளைக்கு இன்னொரு வீட்டில் இது நடக்கலாம். அந்த வீட்டார் உங்களிடம்தான் ஓடி வருவார்கள்.

எங்கள் சீனியர்கள் காலத்தில் இப்படி ஒரு குடும்பம் வந்தால் முதலில் சொல்வது "தந்தி அடி" என்பதுதான். மகனை இன்ன நேரத்தில் இன்ன ஸ்டேஷன் போலீசார் கொண்டுபோனார்கள், உயிருக்கு ஆபத்து என்று கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் முதலமைச்சருக்கும் இரண்டு வரித் தந்தி. தந்தி அலுவலக முத்திரையோடு நாளும் நேரமும் பதிவாகிவிடும். பின்னால் போலீஸ், மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் சந்தேகப்படும்படி நின்றபோது பிடித்தோம் என்று கதை எழுதினால், அந்தத் தந்தி ரசீது கோர்ட்டில் பேசும். எத்தனையோ வழக்குகளில் அது பேசியிருக்கிறது. 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோனது. அதன் வேலையை இன்று மின்னஞ்சலும் விரைவு அஞ்சலும் செய்யும். எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் உடனே ஒரு மின்னஞ்சல், 112-க்கு ஒரு அழைப்பு. அழைத்த நேரமும் பதிவாகும். போனில் தமிழில் தட்டிய நான்கு வரி போதும், சட்ட மொழி தேவையில்லை. யார், எப்போது, எங்கிருந்து, எந்த ஸ்டேஷன், கூட்டிப்போனவர்களின் பெயர் அல்லது அடையாளம், வண்டி எண். அவ்வளவுதான்.

அடுத்தது ஆட்கொணர்வு மனு. பிரிவு 226-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில், உங்கள் பகுதிக்கு மதுரைக் கிளையில். அடைத்து வைக்கப்பட்டவர் தானே வர முடியாது என்பதால் சகோதரி, தாய், நண்பர் யார் வேண்டுமானாலும் போடலாம். அவசரம் என்றால் நீதிபதிகளிடம் முறையிட்டு அன்றைக்கே எடுக்கச் செய்யலாம். மனு தாக்கலாகிறது என்ற செய்தி ஸ்டேஷனுக்குப் போனதுமே ஆள் வீட்டுக்கு வந்துவிடுவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அல்லது அன்றைக்கே கைது காட்டி மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவார்கள். அது நல்ல செய்தி இல்லைதான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவர் கணக்கில் இருக்கும் மனிதர். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்கவும் வேண்டாம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். எண் 15100.

இனி செய்ய வேண்டியது. முதலில் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் ஒரு புகார் மனு. கூட்டிப்போன நேரம், நீங்களும் அம்மாவும் ஸ்டேஷனுக்குப் போன நேரம், அங்கே யார் என்ன பதில் சொன்னார்கள், விடுவித்த நேரம், அடித்தவர்களின் பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் அடையாளம். வெற்றுத் தாளில் எத்தனை கையெழுத்து வாங்கினார்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள். போலீசாரிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலம் இப்போதைய சாட்சியச் சட்டத்தின் (பி.எஸ்.ஏ.) 23-ஆவது பிரிவின்படி குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது. ஆனாலும் அந்தத் தாள்கள் பொருள் கைப்பற்றியதாகச் சொல்லும் மகஜராகவோ, நானாக வந்து நானாகப் போனேன் என்ற கடிதமாகவோ மாறலாம். அதற்கு முன்பே உங்கள் புகார் பதிவாகிவிட வேண்டும். போனைப் பற்றியும் தனியாக எழுதுங்கள். ஒரு பொருளைக் கைப்பற்றினால் அதைக் குறித்து மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 106 சொல்கிறது. ரசீதும் இல்லாமல் தகவலும் இல்லாமல் வைத்திருந்தால், அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

அந்த மனுவிலேயே, ஸ்டேஷனின் சிசிடிவி பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று தேதியும் நேரமும் போட்டுக் கேளுங்கள். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைக்கச் சொன்னது. வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை என்று இடம்வாரியாகச் சொன்னது. பதிவை 18 மாதம், அந்த வசதி கிடைக்காத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொன்னது. தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாகவும் ஒரு மனு போடுங்கள். கேமரா ரிப்பேர் என்று பதில் வரலாம். அந்தப் பதிலும் எழுத்தில் வரட்டும், நமக்கு அது தேவைப்படும்.

எஸ்.பி. அலுவலகத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வாக்குமூலம் வாங்குவதற்காக அடிப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 120-ன்படி ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம். கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை. சட்டவிரோதமாக அடைத்து வைத்தது தனிக் குற்றம். அரசு ஊழியர் மீதான புகார் என்பதால் பி.என்.எஸ்.எஸ். 175(4) மேலதிகாரியின் அறிக்கையைப் பெறுவது என்ற ஒரு படியைக் கூடுதலாக வைத்திருக்கிறது. என் பார்வையில் அந்தப் படி பாதிக்கப்பட்டவரின் பாதையைத்தான் நீளமாக்குகிறது. ஆனாலும் பாதை அடைபடவில்லை. நீங்கள் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால், சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அதை வழக்கறிஞரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மாநில மனித உரிமை ஆணையம் சென்னை பசுமைவழிச் சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை, தமிழில் எழுதித் தபாலில் அனுப்பலாம். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் எடுக்க மாட்டார்கள். ஒரே புகாரை டெல்லியில் இருக்கும் தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாநில ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் விசாரிக்க முடியாது. ஆணையம் பரிந்துரைதானே செய்யும் என்று சிலர் சொல்வார்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, அந்தப் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. விசாரணைக்கு நேரம் பிடிக்கும், சில ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குத் தயாராக இருங்கள்.

ஐயாயிரம் கேட்டவரைப் பற்றி: கொடுக்காதீர்கள். காரில் மனித உரிமை என்று ஸ்டிக்கர் ஒட்டி, போலீஸ் அடையாள அட்டை மாதிரி ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டு வருகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பேசி ஒரு தொகைக்கு முடித்துவைப்பது அவர்கள் தொழில். உண்மையான அமைப்புகள் பாதிக்கப்பட்டவரிடம் பணம் கேட்பதில்லை. மதுரையில் மக்கள் கண்காணிப்பகம் 1995 முதல் லாக்கப் சித்திரவதை வழக்குகளில் உண்மை அறியும் வேலை செய்து வருகிறது. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1976-இல் நெருக்கடி நிலைக்குள்ளேயே தொடங்கிய மக்கள் சிவில் உரிமைக் கழகம் இங்கும் இயங்குகிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்குக் கட்டுப்பாடு, பட்டினிக்கு எதிரான உணவு உரிமை வழக்கு, என்கவுன்ட்டர் மரணங்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்ற 2014 தீர்ப்பு எல்லாம் அவர்கள் போட்ட வழக்குகளில் வந்தவை. இப்படிப்பட்ட அமைப்பைச் சேர்ந்த ஒருவர் மனு கொடுக்கப் போகும்போது உங்களோடு வந்து உட்கார்ந்தால், ஸ்டேஷன் ரைட்டர் பேசும் தொனியே மாறும். இது ஏன் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கும் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான்.

பொய் கேஸ் பயம் நியாயமான பயம். போட மாட்டார்கள் என்று நான் உறுதி தர முடியாது. என் அனுபவத்தில் சொல்வது இது: புகார் கொடுக்காமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம், ஆனால் வெற்றுத் தாள் அவர்களிடம் இருக்கும்வரை அந்தத் திருட்டு வழக்கில் தம்பியின் பெயரை என்றைக்கு வேண்டுமானாலும் சேர்க்கலாம். புகார் பதிவான பிறகு அப்படிச் சேர்த்தால், அது பழிவாங்கல் என்று சொல்ல நம்மிடம் தேதி போட்ட ஆதாரம் இருக்கும். முன்ஜாமீன் கேட்கவும் அது வலுவான காரணம். இனி கூப்பிட்டால் எழுத்துப்பூர்வமான சம்மன் கேளுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்யத் தேவையில்லாதபோது பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன்படி நோட்டீஸ்தான் தர வேண்டும். தம்பி தனியாகப் போகவே கூடாது, வழக்கறிஞரோடு போகட்டும். ஒருவேளை கைதானால், காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது அடித்தார்களா என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் தானாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2020 ஜூன் 19 மாலை சாத்தான்குளத்தில் ஜெயராஜைக் கொண்டுபோனார்கள், அவரைத் தேடி ஸ்டேஷனுக்குப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்தார்கள். ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடை திறந்திருந்தது என்பதில் தொடங்கிய விவகாரம். மறுநாள் மருத்துவர் உடல் தகுதிச் சான்று கொடுத்தார், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். மகன் 22-ஆம் தேதி இரவும் தந்தை மறுநாள் காலையும் இறந்தார்கள். சாசனம் வைத்திருக்கும் இரண்டு பாதுகாவலர்கள், அதாவது மருத்துவரும் மாஜிஸ்திரேட்டும், அந்த உடல்களைச் சரியாகப் பார்த்திருந்தால் இருவரும் உயிரோடு இருந்திருக்கலாம். அதன் பிறகு நடந்ததும் அதே சாசனத்தின் கீழ்தான். வணிகர்கள் கடையடைத்தார்கள். மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனில் ஒத்துழைக்காமல் அவமதித்தார்கள். தினமும் தானாக அழியும்படி சிசிடிவி அமைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். உயர் நீதிமன்றம் அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. அங்கே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தார். கையெழுத்துப் போடத் தயங்கும் அளவுக்கு அவருக்குப் பயம் இருந்தது, ஆனாலும் போட்டார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் நகை காணாமல்போன புகாரில் விசாரணை என்ற பெயரில் அடித்தே கொல்லப்பட்டார். வழக்குப் பதிவு செய்வதற்கு முன்பே தனிப்படை அவரை அடித்தது. அதை மறைவிலிருந்து போனில் படம் பிடித்த ஒருவர் இருந்தார். அந்தச் சில நொடிப் பதிவு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. இரண்டு சம்பவங்களிலும் ஸ்டேஷனுக்குள்ளும் வெளியிலும் ஒருவராவது பார்த்ததைச் சொல்லத் துணிந்தார். உங்கள் தம்பி இருந்த அந்த இரவுகளிலும் அங்கே யாராவது இருந்திருப்பார்கள். வேறு வழக்கில் உட்கார்ந்திருந்தவர், டீ கொண்டுவந்த பையன், இரவுப் பணியில் இருந்த காவலர். தம்பியிடம் மெதுவாகக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களை இப்போது போய்த் தொந்தரவு செய்யவோ அவர்கள் பெயரை வெளியில் சொல்லவோ வேண்டாம்.

ஒரு விஷயத்தை உங்கள் கடிதத்தில் காணவில்லை. தம்பி என்ன நினைக்கிறார்? அடிபட்டது அவர். புகாரில் கையெழுத்துப் போட வேண்டியவரும், திரும்பத் திரும்ப அந்த இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அக்காவின் கோபமும் அம்மாவின் பயமும் சேர்ந்து அவரை எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. இரவில் தூங்குகிறாரா, கடைக்குப் போகிறாரா, வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறாரா என்று கவனியுங்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். அந்தச் சீட்டும் ஆவணம்தான் என்றாலும், ஆவணத்துக்காக மட்டும் கூட்டிப்போக வேண்டாம். அவர் இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னால் மருத்துவப் பதிவையும் எஸ்.பி.க்கான தபாலையும் மட்டுமாவது செய்யச் சொல்லிப் பாருங்கள். ஆணையத்துக்குப் போக ஓராண்டு இருக்கிறது. அதற்குள் அவர் மனம் மாறினால், அன்றைக்குக் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் போலீஸ் மெமோ கொண்டுவா, அப்போதுதான் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மெமோ இல்லாமலும் அடிபட்டவருக்குச் சிகிச்சை தந்து பதிவு செய்யலாம். டூட்டி டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். மறுத்தால் மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள், நகலில் ஒரு முத்திரை வாங்குங்கள். அன்று மாலைக்குள் எனக்குத் தகவல் அனுப்புங்கள்.